முதல் பத்து நிமிடம்

நான் செய்த தவறுகளிலேயே மிகப் பெரியது சரியாகப் பத்து நிமிட நீளமுள்ளது. அதைச் செய்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. எட்டு நாடுகளிலிருந்து பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பாளையங்கோட்டையில் நான் தொடங்கிய நரம்பு அளவை மையத்தின் வாசலில் 'டாக்டர் கோலப்பன்' என்று பித்தளைப் பலகை மின்னிக்கொண்டிருந்தது. அதைத் தினமும் புளி போட்டுத் துலக்கச் சொல்லியிருந்தேன். என் தலைக்கனம் எவ்வளவு என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

தவறைக் கண்டுபிடித்தவர் அன்னபுஷ்பம், எங்கள் மையத்தின் டெக்னீஷியன். கருவியியலில் டிப்ளமோ படித்தவர். அந்த நாளில் அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூளையில் ஒரு நரம்புச் செல் இன்னொன்றை ஒட்டி நிற்பதில்லை. நடுவில் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி இருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் சினாப்ஸ் என்று பெயர். இந்தப் பக்கத்துச் செல் கூப்பிட்டால் அந்தப் பக்கத்துச் செல்லில் ஒரு சின்ன மின்துடிப்பு எழும். அதன் உயரம் எப்போதும் ஒன்றுபோல இருப்பதில்லை. இரண்டு செல்களும் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப விழித்துக்கொண்டால் இணைப்பு பலப்பட்டுத் துடிப்பு உயரும். நீங்கள் ஒருவர் முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் மண்டைக்குள் எங்கோ சில ஆயிரம் இடங்களில் துடிப்பு உயர்ந்திருக்கிறது என்று பொருள். முப்பது வருடமாக இதைப் பார்க்கிறேன், இன்னும் எனக்குச் சலிக்கவில்லை.

உயிருள்ள மனிதரின் மூளையில் அந்த ஒற்றைத் துடிப்பைக் கேட்கும் கருவியைத்தான் நாங்கள் செய்திருந்தோம். அதற்குக் 'காது' என்று பெயர் வைத்தோம். காதுமடலுக்குப் பின்னால் சிறு துளை போட்டு, அதன் வழியே நூல்போல வளையும் குழாயைச் செலுத்துவோம். குழாயின் நுனியில் கண்ணாடி ஊசி, அதற்குள் உப்புநீர், உப்புநீருக்குள் வெள்ளிக் கம்பி. ஊசி முனை செல்லின் தோலில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

இந்த ஒட்டவைக்கும் வேலையை எந்த மோட்டாராலும் செய்ய முடியவில்லை. ரப்பர் குழாயை உதட்டோரம் வைத்து, மூச்சைத் துளித்துளியாக உள்ளே இழுக்க வேண்டும். என் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பத்தில் மூன்று முறை ஒட்டும். புஷ்பத்துக்கு ஒன்பது முறை ஒட்டும். ஆரம்பிக்கும் முன் ஃபேனை நிறுத்துவார், டியூப்லைட்டை அணைப்பார், பக்கத்துக் கட்டிடத்துக்குப் போன் போட்டு லிஃப்டை நிறுத்தச் சொல்வார். மின்சாரக் கம்பிகளின் முணுமுணுப்புகூட உள்ளே வரக் கூடாது. அறையில் இருப்பவர்களின் செல்போன்களையெல்லாம் வாங்கி ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு மூடிவிடுவார். நானும் கொடுத்துவிடுவேன். அப்புறம் குழாயை வாயில் வைத்துக் கண்ணை மூடுவார். ஒரு நிமிடம் கழித்து, "பிடிச்சிட்டு சார்" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காகவே வேலைக்கு வந்த நாட்கள் உண்டு.

இனி அந்தப் பத்து நிமிடம். ஊசி ஒட்டியவுடன் செல் கலங்கிப்போயிருக்கும், ஊசியின் உப்புநீர் அதற்குள் கலக்கும். அதனால் முதல் பத்து நிமிட அளவுகளைக் குப்பையில் போடுவது எங்கள் துறையின் வழக்கம். அந்த நேரத்தில் செல் தூங்கிவிடாமல் பத்து நொடிக்கு ஒரு தரம் அதைத் தட்டிக்கொண்டே இருப்போம். பத்து நிமிடம் கழித்துத் துடிப்பின் உயரத்தைக் காட்டும் கோடு ஏறாமல் இறங்காமல் நேராக நின்றால்தான் அளவு செல்லும். எலி மூளைத் துண்டில் இதை ஆயிரம் தடவை செய்தவன் நான். மனிதருக்கு வந்தபோதும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன்.

போலீஸ் எங்களைத் தேடி வந்தது அதன் பிறகு. சாட்சி ஒரு முகத்தை நிஜமாகவே பார்த்தாரா இல்லையா என்று சினாப்ஸிடமே கேட்டுவிடலாம் அல்லவா? முன்பின் தெரியாத முகமென்றால் துடிப்பு அரை மில்லிவோல்ட் எழும். தெரிந்த முகமென்றால் இரண்டு. பதினான்கு வழக்குகளில் நாங்கள் அளந்து கொடுத்தோம். பதினான்காவது மாலையம்மாளின் வழக்கு.

மாலையம்மாள் பூக்கடை வைத்திருந்தவர். ஒரு விடிகாலையில் பூ வாங்கப் போகும்போது, முன்னால் நடந்த தம்பியை ஒரு மின்சார வேன் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. சத்தமே இல்லாத வண்டி. தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டான். ஓட்டியவன் முகம் ஒரு நொடி தெரிந்தது. ரொட்டி வேன் ஓட்டும் நயினார் என்பவரைப் போலீஸ் பிடித்தது. அதே நிற வண்டி, அதே பாதை, முன்பக்கம் ஒரு பழைய நசுங்கல். படத்தைக் காட்டியபோது மாலையம்மாள், "சரியாத் தெரியலையே ஐயா" என்றுதான் சொன்னார். அதனால்தான் எங்களிடம் அழைத்து வந்தார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து அவர் தம்பியை நினைத்து அழுதுகொண்டே இருந்தார். செல்லைத் தட்டுவதற்காகத் திரையில் பத்து நொடிக்கு ஒரு தரம் நயினாரின் முகம் வந்து போனது. முதல் பத்து நிமிடம் குப்பை. அதன் பிறகு கோடு நேராக நின்றது, இரண்டு மில்லிவோல்ட்டில். ஒப்பிட்டுப் பார்க்கக் கடைசியில் மும்மூன்று தரம் காட்டிய வேறு ஒன்பது முகங்களும் அரையைத் தாண்டவில்லை. குழாயை எடுத்ததும் மாலையம்மாள் எழுந்து நின்று, "இவன்தான் சார், இவனேதான்" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது.

கோர்ட்டில் ஒரு மணி நேரம் பேசினேன். ஏழு வருடம் தண்டனை என்றார்கள். நயினார் சத்தம் போடவில்லை. கூண்டை விட்டு இறங்கும்போது என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"டாக்டர் ஐயா, அந்தத் தாயி மனசுக்குள்ள என் மூஞ்சி எப்பம் போச்சுன்னு மட்டும் அந்த மிஷின்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

தோற்றவன் புலம்பல் என்று நினைத்துக் கோப்பை மூடினேன். புஷ்பம் எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு என் மேசை முன் வந்து நின்றார். கையில் சுருட்டிய காகிதம்.

"சார், ஒரு விஷயம். கோவப்படக் கூடாது."

"கோவப்படுற விஷயமா இருந்தா படத்தான் செய்வேன்."

"அந்த வேன்காரர் கேட்டாருல்லா, எப்பம் போச்சுன்னு. நான் பாத்துட்டேன்."

"எதுல பாத்த?"

"நீங்க குப்பைன்னு சொல்லுத பத்து நிமிசத்துல."

"அதை அழிக்கச் சொல்லித்தானே உத்தரவு?"

"அழிக்கல சார். ஒவ்வொண்ணும் நான் மூச்சப் பிடிச்சு ஒட்ட வச்சது. அழிக்க மனசு வரல."

காகிதத்தை மேசை மேல் விரித்தார். மாலையம்மாளின் முதல் துடிப்பு அரை மில்லிவோல்ட். ஐந்தாவது நிமிடத்தில் ஒன்று. ஒன்பதாவது நிமிடத்தில் இரண்டு. அதன் பிறகு நான் கோர்ட்டில் காட்டிய அந்த அழகான நேர்கோடு.

"செல் பழகுற நேரம் அது. அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது" என்றேன்.

"அப்படின்னா எல்லாருக்கும் இப்பிடி ஏறணும்லா? மொத மொதல்ல நம்ம ஆபீஸ் கணபதியா பிள்ளைக்கு அவரு வீட்டம்மா படத்தக் காட்டிச் சோதிச்சமே, அதப் பாருங்க. மொதத் துடிப்பே ரெண்டுல நிக்கு. தெரிஞ்ச ஆளுன்னா தட்டுன உடனே கதவு திறந்துரும் சார். இந்தம்மாவுக்கு நாமதான் தட்டித் தட்டித் திறக்க வச்சிருக்கோம்."

காகிதத்தில் அந்த முதல் துடிப்பின் மேல் விரலை வைத்தேன்.

"அறுவது தடவ காட்டியிருக்கோம். அதுவும் அவுக தம்பிய நெனச்சு அழுதுக்கிட்டு இருக்கயில. அந்தச் சாவும் இந்த மூஞ்சியும் ஒரே நேரத்துல முழிச்சுக்கிட்டா ரெண்டும் சேந்துக்கிடும்லா? நீங்கதான் சார் எனக்குச் சொல்லித் தந்திய."

நான் சொன்னதுதான். பயமும் துக்கமும் இருக்கும் நேரத்தில் இணைப்பு இன்னும் வேகமாக இறுகும் என்றும் சொல்லியிருந்தேன். புத்தகமே எழுதியிருந்தேன். அந்த நிமிடம் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். எட்டு நாடு, பதினான்கு வழக்கு, பித்தளைப் பலகை எல்லாம் கண் முன்னால் ஓடின.

"ஒரு காகிதத்தை வச்சு யாரும் ஒத்துக்க மாட்டாங்க, புஷ்பம்."

"அப்படின்னா நீங்க உக்காருங்க சார். தெரியாத மூஞ்சி ஒண்ண உங்களுக்குக் காட்டுதேன்."

அடுத்த நாள் காலை அவர் தூக்குவாளியை நீட்டினார். நான் செல்போனைப் போட்டேன்.

மாலையம்மாள் உட்கார்ந்த அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். புஷ்பம் எங்கிருந்தோ ஒரு படம் கொண்டு வந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், மெல்லிய மீசை, வலது காது கொஞ்சம் வளைந்திருந்தது. நான் பார்த்தே இராத ஆள். "ரொம்ப வலிச்ச ஒரு நாள நெனச்சுக்கிடுங்க" என்றார். தேட வேண்டிய அவசியமில்லை. மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி பகவதி ஆஸ்பத்திரியில் இறந்த நாளை எடுத்துக்கொண்டேன். காலை பதினொன்றிலிருந்து நாலு மணி வரை ஐ.சி.யூ. வெளியே நடைக்கூடத்தில் தனியாக நின்றேன். பிள்ளைகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

"பிடிச்சிட்டு சார்."

முதல் துடிப்பு அரை மில்லிவோல்ட். பத்தாவது நிமிடம் இரண்டு.

கோடு என்னை அசைக்கவில்லை, அதை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தேன். அன்று மாலை வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி நடைக்கூடம் தானாக நினைவுக்கு வந்தது. ஜன்னலோரம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மெல்லிய மீசை, வளைந்த காது. கையில் பச்சை நிற ஃபிளாஸ்க். அப்படி யாரும் அங்கே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் நின்றார். ஃபிளாஸ்க்கை என் மூளையே சேர்த்துக் கொடுத்திருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். மாலையம்மாளுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மாலையம்மாளின் காகிதத்தையும் என்னுடையதையும் கொடுத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். "இதைக் கண்டுபிடித்தது யார்?" என்று நீதிபதி கேட்டார். புஷ்பத்தைக் காட்டினேன். அவருடைய படிப்பைக் கேட்டார்கள்.

"டிப்ளமோதான் ஐயா. ஆனா எல்லா ஊசியும் நான் வச்சது."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே சற்று நேரம் பார்த்தார். முப்பது வருட அனுபவத்தில் நான் சொல்லாத நேர்மையான சாட்சியம் அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதில் பெருமைப்பட எனக்கு ஒரு உரிமையும் இல்லாவிட்டாலும்.

பதினான்கு வழக்குகளையும் திரும்பப் பார்த்தார்கள். ஒன்பதில் முதல் துடிப்பே உயரமாக இருந்தது. ஐந்தில் நாங்கள் ஏற்றியிருந்தோம். ஐந்து பேர் வெளியே வந்தார்கள். நயினார் உள்ளே இருந்தது பதினான்கு மாதம். மையத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொண்டேன். பித்தளைப் பலகையை நானே திருகாணி கழற்றி இறக்கினேன்.

கதை அத்தோடு முடிந்தது என்று இருந்தேன். ஒரு மாதம் கழித்து மாலையம்மாள் வீட்டுக்கு வந்தார். புஷ்பமும் அன்று வந்திருந்தார்.

"நான் பொய்யா சொன்னேன் டாக்டர்?"

"இல்லம்மா. முதல்ல 'தெரியல'ன்னு சொன்னீங்களே, அதுதான் நிஜம். அதுக்கப்புறம் இருக்கறது நாங்க வச்சது."

"இப்பவும் அவன்தான் ஸ்டியரிங்கப் பிடிச்சிருக்கான். நீங்க இல்லேங்கிய, கோர்ட்டு இல்லேங்கு. என் கண்ணு ஆமாங்கு. பஸ்ல அவன் சாடையில ஒரு ஆளப் பாத்தாக்கூட உடம்பு நடுங்குது. நான் யார நம்ப?"

என்னிடம் ஒரு வழி இருந்தது. ஊசியை வைத்து, படம் எதுவும் காட்டாமல், நொடிக்கு ஒன்றாகக் கால்மணி நேரம் மெல்லிய மின்சாரத்தால் தட்டினால் இறுகிய இணைப்பு தளரும். அதைச் சொன்னேன்.

"தம்பியும் அதே எடத்துலதான இருக்கான்? வண்டி வரயில அவன் என்னத் திரும்பிப் பாத்தான். அதுவும் போயிருமா?"

"போகலாம். எனக்கு உறுதியாத் தெரியாதும்மா."

"அப்பம் வேண்டாம்."

புஷ்பம்தான் பேசினார். "ஊசி இல்லாமலும் இணைப்பு மாறத்தான செய்யும் சார்? எப்பிடி ஏத்தினமோ அப்பிடியே எறக்குவோம். அவர் மூஞ்சிய வேற நேரத்துல, வேற மாதிரி, தெனமும் பாக்கணும்."

அதற்கு நயினார் வேண்டும். கேட்கப் போக வேண்டியவன் நான்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு கூசிக்கொண்டு ஒரு வாசலில் நின்றதில்லை. பேக்கரிக்குப் பின்னால் தட்டுகளை வேனில் அடுக்கிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை வேலையை நிறுத்தவில்லை.

"ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"எத்தன நாளைக்கு?"

"அது தெரியாது."

"செரி."

கோபித்துத் திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். "ஏன் ஒத்துக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கடைசித் தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். "கோர்ட்டு விட்டுட்டு. அந்தத் தாயி மனசுல நான் இன்னும் கொலகாரனா உக்காந்திருக்கேன்லா? அங்கேயிருந்தும் எறங்கணும் டாக்டர்."

தினமும் காலை ஏழு மணிக்கு மாலையம்மாளின் தெருமுனையில் ரொட்டி வேன் வந்து நின்றது. நயினார் ஓட்டும் இருக்கையிலிருந்து இறங்கி, பக்கத்தில் நிற்பார். கூப்பிட மாட்டார், பேச மாட்டார். வருகிறவர்களுக்கு ரொட்டி எடுத்துக் கொடுப்பார். முதல் இரண்டு வாரம் மாலையம்மாள் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்தே பார்த்தார், வாந்திகூட எடுத்தார். புஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் மாதம் மாலையம்மாள் வாசலுக்கு வந்தார். மூன்றாம் மாதம் ஒரு நாள் தெருமுனை வரை நடந்துபோய், முகத்தைப் பார்க்காமல், "பன்னு இருக்கா?" என்றார். "இருக்கு தாயி, சூடா இருக்கு" என்றார் நயினார். அதைப் புஷ்பம் எனக்குப் போனில் இரண்டு தரம் சொன்னார். ஒரு நோபல் பரிசு கொடுப்பதானால் நான் அந்த ரொட்டி வேனுக்குத்தான் கொடுப்பேன்.

எட்டாம் மாதம் மாலையம்மாள் மறுபடி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பந்து பிச்சிப்பூ. பகவதி படத்துக்குப் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு வேணும்னே நெனச்சுப் பாத்தேன். வண்டி வருது. தம்பி திரும்பிப் பாக்கான். உள்ள யாருன்னு..." நிறுத்தினார். "தெரியல டாக்டர். சரியாத் தெரியல."

அழுதார், சிரித்தார். நானும் அதையேதான் செய்தேன்.

அவர் போன பிறகு புஷ்பம் மெதுவாகக் கேட்டார். "ஒரு தடவ அளந்து பாப்பமா சார்? நெசமாவே எறங்கிட்டான்னு?"

"வேண்டாம். ஊசி வச்சா படம் காட்டணும். படம் காட்டுனா..."

"அதுவும் செரிதான்" என்று சிரித்துவிட்டார். பிறகு பகவதியின் படத்தைப் பார்த்தார். "உங்களுக்கு நான் ஏத்தி விட்டேன்லா ஒரு ஆளு, அவன எறக்கிரலாம் சார். எங்க சித்தப்பா மகன்தான். நாசரேத்துல பள்ளிக்கூடத்துல வேல பாக்கான். வாராவாரம் வரச் சொல்லுதேன். நாலஞ்சு தடவ சும்மா பேசிக்கிட்டு இருந்தா அவனும் மறைஞ்சிருவான்."

"வரச் சொல்லுங்க. ஆனா ஒரே ஒரு தடவ போதும், புஷ்பம். அவரு அங்கயே நிக்கட்டும். அன்னைக்கு அஞ்சு மணி நேரம் என்கூட யாருமே இல்ல."

புஷ்பம், தூக்குவாளியிலிருந்து என் செல்போனை எடுத்துக் கொடுப்பாரே, அந்த மாதிரி என் கையை ஒரு தரம் தொட்டுவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவர் வந்தார். பெயர் தேவசகாயம். மெல்லிய மீசை, வளைந்த காது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவரின் கையைத்தான் நான் முதலில் பார்த்தேன். கையில் ஃபிளாஸ்க் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு நானே போய்க் காப்பி போட்டேன்.